வெங்காயத் தோலும் வெண்பட்டும்

ஒன்றரை வருடமாக எங்கள் வீட்டில் வெங்காயத் தோல் குப்பைக்குப் போவதில்லை. அடுப்படிக் கதவுக்குப் பின்னால் ஒரு பழைய அரிசிப் பை தொங்குகிறது, சின்ன வெங்காயம் உரித்தாலும் பெரிய வெங்காயம் நறுக்கினாலும் காய்ந்த சருகு எல்லாம் அதற்குள்தான். ஆரம்பத்தில் அம்மாவுக்கு இது சுத்தமாகப் பிடிக்கவில்லை. "ஏம்மா, கரப்பான் குடும்பத்தோட வந்து உக்காரும், வேண்டாம் சொன்னா கேளு" என்று தினமும் ஒரு முறையாவது சொல்வார். இப்போது உழவர் சந்தைக்குப் போனால் வெங்காயக் கூடையின் அடியில் கிடக்கும் சருகை அவரே கேட்டு வாங்கி வருகிறார். செடிக்கு உரமா என்று கடைக்காரம்மா கேட்டார்களாம். "இல்லைங்க, பட்டுக்குச் சாயம் போட" என்று அம்மா சொன்னதும் அவர்கள் இன்னும் இரண்டு கை அள்ளிப் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள்.

நான் கழுத்தில் போட்டுக்கொண்டு போகும் தேன் நிற ஸ்கார்ஃபைப் பார்த்துவிட்டு எங்கே வாங்கினாய் என்று கேட்காதவர்கள் குறைவு. வாங்கவில்லை, வெங்காயத் தோலில் முக்கியது என்று சொன்னால் அடுத்த கேள்வி எப்படி என்பது, அதற்கு நின்றுகொண்டே பதில் சொல்லி முடிக்க முடியாது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். எது நின்றது, எது ஓடியது, எங்கே துணியைப் பாழாக்கினேன் என்பது வரை எல்லாவற்றையும் எழுதிவிடுகிறேன், பட்டு விலைக்கு நீங்களும் அதே தப்பைச் செய்ய வேண்டாம்.

முதல் தப்பு துணியிலேயே நடந்தது. சுத்தமான பட்டு என்று போட்டிருந்ததை நம்பி ஆன்லைனில் நான்கு வெள்ளை ஸ்கார்ஃப் வாங்கினேன். எந்தச் சாயத்தில் போட்டாலும் லேசான அழுக்கு மாதிரி ஒரு நிறம் வரும், அலசினால் அதுவும் போய்விடும். ஒரு மாதம் என் செய்முறைதான் தப்பு என்று நினைத்துத் திரும்பத் திரும்பக் காய்ச்சிக்கொண்டிருந்தேன். கடைசியில் ஓரத்திலிருந்து நாலு இழை உருவி ஊதுபத்தி நெருப்பில் காட்டிப் பார்த்தபோதுதான் விஷயம் தெரிந்தது. இழை உருகிச் சுருண்டு கறுப்பாக ஒரு சின்ன உருண்டை ஆனது, கையில் நசுக்கினால் நசுங்கவில்லை. அது பாலியஸ்டர். உண்மையான பட்டு எரிந்தால் முடி கருகும் வாசம் வரும், மிஞ்சும் சாம்பல் விரலில் பொடியாகிவிடும். எந்தத் துணி வாங்கினாலும் இந்தச் சோதனையை முதலில் செய்யுங்கள், நாலு இழை போதும்.

நான் இருப்பது சேலத்தில். வெண்பட்டு வேட்டிக்குப் பெயர் போன ஊர், புவிசார் குறியீடே 'சேலம் வெண்பட்டு' என்றுதான் இருக்கிறது. இங்கே இருந்துகொண்டு வெள்ளைப் பட்டை ஆன்லைனில் தேடியதை நினைத்தால் வருத்தமாகத்தான் இருக்கிறது. அம்மாப்பேட்டையில் தறி வைத்திருக்கும் ஒரு குடும்பம் அம்மாவுக்குப் பல வருடப் பழக்கம், அவர்களிடம் சொல்லி ஜரிகைக் கரை இல்லாத வெறும் வெள்ளைத் துணியாக வாங்கினோம். அதை வெட்டி, ஓரம் மடித்துத் தைத்து, ஒவ்வொன்றும் முப்பது கிராம் சுமாருக்கு ஆறு ஸ்கார்ஃப் ஆக்கினேன். எடையைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. சாயம் போடுவதில் எல்லாக் கணக்கும் காய்ந்த துணியின் எடையிலிருந்துதான் தொடங்குகிறது. சமையலறைத் தராசு இல்லாமல் கண் மதிப்பில் போட்டால் இன்று வந்த நிறம் நாளை வராது.

இந்த வேலைக்குப் பட்டு ஏன் இவ்வளவு தோதானது என்று யோசித்தால் மருதாணி ஞாபகம் வரும். உள்ளங்கையில் வைத்த மருதாணி பத்து நாளில் தோலோடு உதிர்ந்துவிடுகிறது, நகத்தில் பிடித்தது நகம் வளர்ந்து வெட்டும் வரை போவதில்லை, நரைமுடியில் தடவினால் முடி வளர்ந்து வேர் தெரியும் வரை நிற்கிறது. நகமும் முடியும் புரதம். பட்டும் புரதம்தான், புழு தன் வாயிலிருந்து விட்ட நூல். செடியின் நிறங்கள் புரதத்தைப் பிடித்துக்கொள்கிற மாதிரி பருத்தியை அவ்வளவு எளிதில் பிடிப்பதில்லை. அதனால்தான் கலம்காரி வேலைக்காரர்கள் பருத்தித் துணியைக் கடுக்காயிலும் எருமைப் பாலிலும் ஊற வைத்துப் பக்குவப்படுத்திய பிறகே அதில் எழுதுகிறார்கள். பட்டுக்கு அத்தனை மெனக்கெட வேண்டாம். ஆனால் பட்டுக்கு ஒரு பிடிவாதம் உண்டு, கொதிக்க விடக்கூடாது, சோடா உப்பும் துணி சோப்பும் ஆகாது. முடிக்கு எதைப் போட மாட்டோமோ அதைப் பட்டுக்கும் போடக்கூடாது.

சரி, நல்ல பட்டு கிடைத்துவிட்டது. நான் முதலில் கையில் எடுத்தது எதை என்று நினைக்கிறீர்கள்? பீட்ரூட். அதை நறுக்கினால் கையெல்லாம் சிவப்பு, பொரியல் வைத்த தட்டு சிவப்பு, வெள்ளைச் சோறு ரோஸ் ஆகிவிடுகிறது. இத்தனை ஒட்டுகிறதே, துணியில் ஒட்டாதா என்று நினைத்தேன். அரைக் கிலோ பீட்ரூட்டைத் துருவிக் காய்ச்சி, படித்த குறிப்பில் இருந்தபடி உப்பும் வினிகரும் சேர்த்து, ஒரு இரவு முழுக்கப் பட்டை ஊற வைத்தேன். காலையில் எடுத்தபோது அப்படி ஒரு ரோஜா நிறம், பார்த்துப் பார்த்து மாளவில்லை. முதல் அலசலில் பாதி போனது. இரண்டாவது அலசலில் மிச்சம் போனது. காய்ந்த பிறகு பார்த்தால் பழைய காகிதம் மாதிரி ஒரு பழுப்பு.

உப்பு போட்டால் நிற்கும், வினிகர் போட்டால் நிற்கும் என்று எல்லோரும் ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். பீட்ரூட் விஷயத்தில் இரண்டுமே உதவாது. அதன் நிறம் பீட்டாலைன் என்ற வகை, சூட்டைத் தாங்காது, வெளிச்சத்தைத் தாங்காது, இழையோடு கட்டிக்கொள்ளவும் தெரியாது. கறை வேறு, சாயம் வேறு. கறை இழையின் மேல் உட்கார்ந்திருக்கும், சாயம் இழைக்குள் போய் அதோடு சேர்ந்துவிடும். இந்த வித்தியாசம் புரிய எனக்கு ஒரு நல்ல பட்டுத் துண்டு செலவானது.

அதற்கு அடுத்து சங்குப்பூ. பக்கத்து வீட்டு அக்கா வேலியில் கொத்துக் கொத்தாகப் பூத்திருந்தது, அவர்களே பறித்துக் கொடுத்தார்கள். வெந்நீரில் போட்டதும் அப்படியே நீலம், பட்டிலும் மேகம் மூடிய வானம் மாதிரி ஒரு நீலம் வந்தது. ஆனால் ஒரு துளி எலுமிச்சைச் சாறு பட்ட இடம் ஊதாவாகிவிட்டது. வேர்வை பட்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். செம்பருத்தி, சிவப்பு முட்டைக்கோஸ் இரண்டுக்கும் இதே கதைதான், புளிப்புக்கு ஒரு நிறம், சோப்பு, சுண்ணாம்பு மாதிரிக் காரத்துக்கு ஒரு நிறம், வெயிலுக்கு நிறமே இல்லை.

மஞ்சளைப் பற்றி இதை எல்லாம் விடக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும். மஞ்சள் எதையும் கேட்காமல் பட்டில் ஏறும். படிகாரம் வேண்டாம், ஊற வைக்க வேண்டாம், ஒரு ஸ்பூன் தூளை வெந்நீரில் கலக்கி வடிகட்டித் துணியைப் போட்டால் பத்தே நிமிடத்தில் கண்ணைப் பறிக்கும் மஞ்சள். நான் துள்ளிக் குதிக்காத குறை. அம்மா மட்டும் பார்த்துவிட்டு, "வெயில்ல காயப் போடாத, போயிடும்" என்றார். எப்படித் தெரியும் என்றால், "உங்கப்பா வெள்ளைச் சட்டையில சாம்பார் கொட்டிட்டு வரும்போதெல்லாம் நான் வேற என்ன பண்ணுனேன்? துவைச்சு வெயில்ல போட்டா சாயங்காலம் மஞ்சக்கறை இருக்காது" என்றார். புதுத்துணி ஓரத்தில் தடவும் மஞ்சளும் அப்படித்தானே நாலு துவைப்பில் காணாமல் போகிறது. நமக்கெல்லாம் தெரிந்த விஷயம்தான், அதைச் சாயத்தோடு சேர்த்து நான் யோசிக்கவில்லை, அம்மா யோசித்தார்.

அதோடு முடியவில்லை. அந்த மஞ்சள் ஸ்கார்ஃபை ஒரு நாள் அவசரத்தில் துணி சோப்புப் போட்டுக் கசக்கிவிட்டேன், கசக்கிய இடமெல்லாம் ரத்தம் மாதிரி சிவந்துவிட்டது. ஒரு நிமிடம் பயந்துதான் போனேன். பிறகு பார்த்தால் இது நம் ஆரத்தித் தட்டு. மஞ்சள் தண்ணீரில் சுண்ணாம்பு போட்டால் சிவக்கிறது, மஞ்சளில் சுண்ணாம்பு சேர்த்துத்தான் குங்குமமே செய்கிறார்கள், சோப்பும் சுண்ணாம்பு மாதிரி காரம்தான். எலுமிச்சைச் சாறு கலந்த தண்ணீரில் முக்கியதும் திரும்ப மஞ்சளானது. குழந்தைகள் வீட்டில் இருந்தால் இதை ஒரு முறை செய்து காட்டுங்கள், கண்ணை விரித்துக்கொண்டு பார்ப்பார்கள். ஆனால் போட்டுக்கொள்ளும் துணிக்கு மஞ்சளை மட்டும் நம்பாதீர்கள்.

இப்படி மூன்று நான்கு ஏமாற்றத்துக்குப் பிறகுதான் ஒழுங்காகச் சோதித்துப் பார்ப்போம் என்று முடிவு செய்தேன். வெட்டியதில் மிஞ்சிய பட்டுத் துண்டுகளை விரல் நீளப் பட்டைகளாக வெட்டி, அடுப்படியில் கிடைத்த எல்லாவற்றிலும் ஒவ்வொன்றாக முக்கினேன். ஒவ்வொரு பட்டையின் பாதியைக் கறுப்பு அட்டையால் மூடி, மேற்கு பார்த்த ஜன்னல் கண்ணாடியில் ஒட்டிவிட்டேன். அது சித்திரை மாதம். சேலத்து மேற்கு ஜன்னலில் அந்த வெயிலைத் தாங்கினால் எதையும் தாங்கும்.

பீட்ரூட் மூன்றாம் நாளே போய்விட்டது. மஞ்சள் ஒரு வாரத்தில் வெளிறியது, அட்டையை எடுத்துப் பார்த்தால் மூடிய பாதி பளிச்சென்றும் திறந்த பாதி பால் மாதிரியும் இருந்தது. சங்குப்பூ சாம்பல் நிறமானது. ஆனால் வெங்காயத் தோல் பட்டையில் உற்றுப் பார்த்தால்தான் வித்தியாசம் தெரிந்தது. மாதுளம் தோலில் அதுவும் இல்லை. டீ கொஞ்சம் கருத்ததே தவிர வெளுக்கவில்லை. காபிச் சக்கை முதலிலேயே வெளிர் நிறம்தான், அது அப்படியே இருந்தது. அந்த ஜன்னல் முன்னால் ரொம்ப நேரம் நின்றேன். நாம் ஆசைப்பட்டுக் காசு கொடுத்து வாங்கும் பளபளப்பான நிறங்கள் எல்லாம் ஓடிவிட்டன, குப்பைக்குப் போகும் தோலும் சக்கையும் நின்றுவிட்டன. செடி தன் காயையும் கிழங்கையும் காப்பாற்றத் தோலில்தான் துவர்ப்பையும் இந்த மாதிரி நிறங்களையும் சேர்த்து வைக்கிறது. வெங்காயத் தோலில் க்வெர்செட்டின், மாதுளையில் டானின் என்று பெயர் சொல்லலாம். மாதுளம் தோலை நாக்கில் வைத்தால் இழுக்கும் அந்தத் துவர்ப்புதான் டானின்.

இனி வெங்காயத் தோல் எப்படிச் செய்வது என்று சொல்கிறேன், மற்றவை எல்லாம் ஏறக்குறைய இதே வழிதான்.

முதலில் பட்டை இளஞ்சூடான தண்ணீரில் பூந்திக்கொட்டைக் கரைசலிலோ கொஞ்சம் ஷாம்பூவிலோ அரை மணி நேரம் ஊற வைத்து, கசக்காமல் அலசி எடுக்க வேண்டும். பசையும் கைப்பிசுக்கும் போகாவிட்டால் சாயம் திட்டுத் திட்டாக ஏறும். அப்புறம் படிகாரம். வாசலில் திருஷ்டிக்குக் கறுப்புக் கயிற்றில் கட்டித் தொங்கவிடுகிறோமே அதே கல்தான், செவ்வாய்ப்பேட்டை நாட்டு மருந்துக் கடையில் வாங்கி இடித்து வைத்திருக்கிறேன். முப்பது கிராம் பட்டுக்கு நாலு கிராம் படிகாரம் போதும். வெந்நீரில் நன்றாகக் கரைத்து, பட்டு தாராளமாக மிதக்கும் அளவு தண்ணீரில் கலந்து, ஈரப் பட்டை அதில் போட்டு ராத்திரி முழுக்க விட்டுவிடுங்கள். அடுப்பு வேண்டாம். படிகாரத்தில் இருக்கும் அலுமினியம் ஒரு கையால் இழையையும் இன்னொரு கையால் நிறத்தையும் பிடித்துக்கொள்கிறது, சாயம் நிற்பதில் பாதி வேலை அதனுடையது. மயில்துத்தத்திலும் பச்சை நன்றாக வரும் என்று சொல்வார்கள், அது விஷம், சோறு பொங்கும் வீட்டுக்குள் அதைக் கொண்டுவராதீர்கள்.

பட்டின் எடைக்குச் சமமாகவாவது காய்ந்த தோல் வேண்டும். முப்பது கிராம் தோல் என்பது கேட்கச் சின்னதாக இருக்கும், சேர்த்துப் பாருங்கள், ஒரு பெரிய பை நிறைய வரும், காற்று மாதிரி அத்தனை லேசு. தோல் மூழ்கும் அளவுக்கு மேல் தண்ணீர் விட்டு முக்கால் மணி நேரம் கொதிக்க விட்டால் தண்ணீர் பழைய டிகாஷன் நிறத்துக்கு வரும். வெள்ளைத் துணியில் வடிகட்டி, கொஞ்சம் ஆறவிட்டுப் பட்டைப் போடுங்கள், சூடான தண்ணீரில் திடீரென்று போட்டால் பட்டுக்குப் பிடிக்காது. பிறகு மிகச் சின்னத் தீயில் ஒரு மணி நேரம். கொதிக்கக் கூடாது என்பதை மறுபடியும் சொல்கிறேன், 80 டிகிரியைத் தாண்ட விடாமல் பார்த்துக்கொள்வது நல்லது, வெப்பமானி இல்லை என்றால் ஆவி பறக்க வேண்டும், குமிழி வரக்கூடாது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருமுறை போன் பேசப் போய் மறந்து கொதிக்க விட்டுவிட்டேன், நிறம் நன்றாக வந்தது, ஆனால் பட்டின் மினுமினுப்பு போய்விட்டது, அது திரும்பவே இல்லை. நடுநடுவே மரக்கரண்டியால் திருப்பிவிட்டு, அடுப்பை அணைத்து அதே தண்ணீரில் ராத்திரி முழுக்க ஆறவிட வேண்டும்.

காலையில் எடுத்தால் பெரிய வெங்காயத் தோலுக்குத் தேன் நிறம். சின்ன வெங்காயத் தோல் அதைவிட ஆழம், செம்புக் குடத்தைப் புளி போட்டு விளக்கி இரண்டு நாள் ஆன மாதிரி. எனக்கு அதுதான் பிடிக்கும். ஈரத்தில் தெரியும் நிறம் காய்ந்தால் இரண்டு படி இறங்கும், அதனால் கொஞ்சம் அதிகம் என்று தோன்றும்போது எடுத்தால் சரியாக இருக்கும். வெங்காய வாசம் வருமா என்று எல்லோரும் கேட்கிறார்கள், இரண்டு அலசலில் போய்விடும்.

பாத்திரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. எவர்சில்வர் பாத்திரம் ஒன்றை இதற்கென்றே ஒதுக்கிவிடுங்கள், மறுபடி அதில் சமைக்கக் கூடாது. அலுமினியமும் இரும்பும் நிறத்தை மாற்றிவிடும்.

இரும்பு நிறத்தை மாற்றும் என்பதையே வேண்டுமென்று செய்தால் அது தனி அழகு. வாழைக்காயை இரும்பு அரிவாள்மனையில் நறுக்கினால் கை கறுத்துப் போகிறதே, துவர்ப்பும் இரும்பும் சேர்ந்தால் அப்படித்தான் கறுக்கும். அந்தக் காலத்தில் கடுக்காயையும் அன்னபேதி என்ற இரும்பு உப்பையும் சேர்த்து மை காய்ச்சியதும் இந்த வழிதான். துருப்பிடித்த ஆணிகளை ஒரு பாட்டிலில் போட்டு ஒரு பங்கு வினிகர், இரண்டு பங்கு தண்ணீர் ஊற்றி, மூடியை இறுக்காமல் ஒரு வாரம் வைத்தால் இரும்புத் தண்ணீர் தயார். இறுக்கி மூடினால் உள்ளே வாயு சேரும், கவனம். மாதுளம் தோலில் முக்கிய வெளிர் மஞ்சள் பட்டை, இந்தத் தண்ணீர் இரண்டு ஸ்பூன் கலந்த ஒரு பக்கெட்டில் போட்டேன். கண் முன்னாலேயே மஞ்சள் மங்கிப் பாசிப் பச்சையாகி, அப்படியே மழை மேகத்தின் சாம்பலுக்குப் போனது. டீயில் முக்கியது சிலேட்டு நிறம். வெங்காயத் தோல் கருநெல்லி மாதிரி ஒரு இருண்ட பச்சை. ஐந்தே நிமிடம்தான், அதற்கு மேல் விடாதீர்கள். இன்னும் கருக்கட்டும் என்று பேராசைப்பட்டு ஒரு ஸ்கார்ஃபை ஒரு மணி நேரம் விட்டேன், இரண்டு மாதத்தில் மடிப்பு விழுந்த இடத்திலேயே கிழிந்துவிட்டது. இரும்பு அதிகமானால் பட்டு நொறுங்கிப் போகும்.

டீ என்றதும் ஞாபகம் வருகிறது. நம் வீடுகளில் டீத்தூளைப் பாலோடும் சர்க்கரையோடும் சேர்த்தே கொதிக்க வைக்கிறோம், அந்தச் சக்கை சாயத்துக்கு ஆகாது, பிசுபிசுப்பும் நாற்றமும்தான் மிஞ்சும். புதுத் தூளைத்தான் போட வேண்டும். ஃபில்டர் காபிச் சக்கையில் அந்தத் தொந்தரவு இல்லை, டிகாஷன் இறங்கிய பிறகுதானே பால் சேர்க்கிறோம். பத்து நாள் சக்கையைக் காயவைத்துச் சேர்த்தால் சந்தனத்துக்கும் மரத்தூளுக்கும் நடுவில் ஒரு மென்மையான நிறம் வரும், வயதானவர்களுக்குக் கொடுக்க ஏற்றது. என் பெரியம்மாவுக்கு அதைத்தான் கொடுத்தேன்.

எல்லாவற்றையும் விட எனக்குச் சந்தோஷம் கொடுத்தது இட்லிப் பானை. ஓட்டை விழுந்த கைப்பிடியோடு பரண் மேல் கிடந்த பழைய பானையை அம்மா இதற்கென்றே தந்துவிட்டார். படிகாரத்தில் ஊறிய ஈரப் பட்டை மேசை மேல் விரித்து, அங்கங்கே வெங்காயச் சருகு, செண்டுமல்லி இதழ், ஒரு சிட்டிகை டீத்தூள் என்று தூவி, பாய் சுருட்டுவது போல் இறுக்கமாகச் சுருட்டி நூலால் சுற்றிக் கட்டி, இட்லித் தட்டின் மேல் வைத்து ஒரு மணி நேரம் ஆவியில் வேகவைக்க வேண்டும். உடனே பிரிக்கக் கூடாது. மறுநாள் வரை பொறுத்துக்கொண்டு பிரித்தால், தோல் படிந்த இடமெல்லாம் செம்பும் பொன்னுமாக நரம்பு நரம்பாக அச்சு விழுந்திருக்கும், இதழ் இருந்த இடத்தில் மஞ்சள் புள்ளிகள், டீத்தூள் விழுந்த இடத்தில் மண் நிறப் பொட்டுகள். ஒரு முறை வந்த மாதிரி மறுமுறை வராது. முதல் சுருளை நானும் அம்மாவும் பக்கத்து வீட்டு அக்காவும் சேர்ந்து பிரித்தோம், ஒவ்வொரு சுற்று அவிழும்போதும் மூவரும் ஒரே குரலில் "ஐயோ" என்றோம்.

சின்னாளப்பட்டிச் சுங்குடி மாதிரி முடிச்சுப் போட்டும் பார்த்தேன். அவர்கள் நகக்கண் அளவு துணியைக் கிள்ளி நூல் சுற்றிப் போடும் அந்த நுணுக்கம் எனக்கு வராது, அது வருடக்கணக்கில் பழகிய கை. நான் கொண்டைக்கடலையைத் துணிக்குள் வைத்துக் கட்டினேன். சாயத்துக்குப் பிறகு அவிழ்த்தால் தேன் நிறத்தில் வெள்ளை வளையங்கள், அதுவே போதுமான அழகாக இருந்தது.

தண்ணீர் முக்கியம். ஒரே மாதுளம் தோல் ஒருமுறை பளிச்சென்றும் ஒருமுறை மங்கலாகவும் வந்தது, தராசையும் படிகாரத்தையும் சந்தேகப்பட்டுக் கடைசியில் பார்த்தால் மங்கிய தடவை போர் தண்ணீர். எங்கள் போர் தண்ணீரில் பக்கெட்டே செம்பழுப்பாகக் கறை பிடிக்கும், அவ்வளவு இரும்பு. மேட்டூர் தண்ணீர் வரும் நாளில் பிடித்து வைத்ததில் செய்தால் நிறம் தெளிவாக இருக்கிறது. மழைத் தண்ணீர் கிடைத்தால் அதைவிட நல்லது.

1856 வரை உலகத்தில் இருந்த துணிச் சாயம் பெரும்பாலும் செடி, பூச்சி, சிப்பி, மண் என்று இப்படித்தான் வந்துகொண்டிருந்தது. அந்த வருடம் லண்டனில் வில்லியம் பெர்கின் என்ற பதினெட்டு வயதுப் பையன் நிலக்கரித் தாரிலிருந்து கொய்னா மருந்து செய்யப் போய் ஊதா நிறம் ஒன்றைக் கண்டுபிடித்தான், அவனும் அதைப் பட்டில்தான் முக்கிப் பார்த்தான். செயற்கைச் சாயத் தொழில் அங்கே தொடங்கியது. நம் சோழமண்டலக் கரையில் சிவப்புக்கென்று தோண்டி எடுத்த சாயவேர் இன்று எத்தனை பேருக்குத் தெரியும்? இன்னொரு பக்கம், என் அத்தை வீடு நொய்யல் பக்கம். சின்ன வயதில் லீவுக்குப் போகும்போது அந்த ஆற்றுத் தண்ணீருக்கு நாளுக்கொரு நிறம் இருக்கும், அவர்கள் கிணற்றை எதற்கும் பயன்படுத்த முடியாமல் போனது. 2011இல் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி உத்தரவிட்டபோது அத்தை அழுதார், ஆறு பிழைக்குமென்று ஒரு பக்கம், பட்டறையில் வேலை பார்த்த மாமாவுக்குச் சம்பளம் போனதென்று இன்னொரு பக்கம். வெங்காயத் தோல் திருப்பூருக்கு மாற்று என்று நான் சொல்லவில்லை, ஊருக்கே உடுத்த இது காணாது. ஆனால் சாயம் என்ற வார்த்தையைக் கேட்டால் எனக்கு அந்த ஆறு மட்டும்தான் ஞாபகம் வரும். இப்போது அடுப்படி வாசமும் கூட வருகிறது, அது எனக்குப் பெரிய விஷயம்.

துவைக்கும்போது ஷாம்பூவோ பூந்திக்கொட்டையோ மட்டும், பச்சைத் தண்ணீர், பிழியாமல் துண்டில் சுருட்டி ஈரம் எடுத்து நிழலில் காயவைப்பது. லேசான ஈரம் இருக்கும்போதே உள்பக்கமாகத் திருப்பி இஸ்திரி போட்டால் பளபளப்பு வரும். என் முதல் வெங்காயத் தோல் ஸ்கார்ஃப் ஒரு வருடத்துக்கு மேலாக என்னோடு ஸ்கூட்டியில் வருகிறது, ஐந்து ரோடு சிக்னலில் தினமும் வெயிலில் நிற்கிறது. கழுத்தை ஒட்டிய மடிப்பில் மட்டும் வேர்வை பட்டு ஒரு சாயல் குறைந்திருக்கிறது. வேண்டுமென்றால் மறுபடி ஒரு பை சருகைக் காய்ச்சி முக்கிக்கொள்ளலாம், இன்னும் அதற்கு அவசியம் வரவில்லை.

ஆயுத பூஜைக்கு வண்டிக்குக் கட்டிய செண்டுமல்லி மாலையை இந்த முறை தூக்கிப் போடாமல் உதிர்த்துக் காயவைத்தேன், அதில் வந்த மஞ்சள் ஏறக்குறைய மஞ்சள்தூளின் மஞ்சளேதான். நேற்று அதில் ஒரு பட்டையை வெட்டிப் பாதியை அட்டையால் மூடி மேற்கு ஜன்னலில் ஒட்டியிருக்கிறேன். கார்த்திகை தீபத்தன்று எடுத்துப் பார்க்க வேண்டும்.